பெய்2: ஒரே ஒரு கான்டனீஸ் வினை, எட்டுக் கேள்விகள்

ஹாங்காங்கில் பேசப்படும் சீன மொழியான கான்டனீஸ் பற்றி இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே சுற்றிச் சுற்றி பெய்2, அதாவது "கொடு" என்று பொருள்படும் ஒரே வினையில் வந்து நிற்கின்றன. பாடநூலில் முதல் வாரமே வந்துவிடும் சொல்தான், ஆனால் வருடக்கணக்கில் படித்தவர்களும் தடுமாறுவது இதில்தான். பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

பதில்களுக்கு முன் எழுத்துமுறை. சொல்லை ஒட்டி வரும் எண் தொனியைக் குறிக்கிறது. கான்டனீஸை ரோமன் எழுத்தில் எழுத ஹாங்காங் மொழியியல் சங்கம் 1993இல் வகுத்த யூட்பிங் முறையின் எண்கள்தான் இவை. 1 உயரத்தில் சமமாக நிற்கும். 2 கீழிருந்து உச்சிக்கு ஏறும். 3 நடுவில் சமம். 4 தாழ்வாகத் தொடங்கி இன்னும் இறங்கும். 5 தாழ்விலிருந்து நடுவரைக்கும் மட்டும் ஏறும். 6 தாழ்வில் சமம். "ஹ்" ஒட்டிய மெய்யை (க்ஹ, த்ஹ, ப்ஹ, ச்ஹ) மூச்சு வெளியே தள்ளும்படி சொல்ல வேண்டும். "ச" என்று எழுதியிருப்பதை "பச்சை"யில் கேட்கும் ச்ச போலச் சொல்லுங்கள். க்ஹொய்5, ஹொய்3, ஸொய்2, லொங்5 ஆகியவற்றின் உயிரொலி தமிழில் கிடையாது. உதட்டை ஒகரத்துக்குக் குவித்து நாக்கை எகரத்துக்கு வைத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

கேள்வி: "எனக்குத் தண்ணீர் கொடுங்கள்" என்பதை பெய்2 ஙோ5 ஸொய்2 என்று சொன்னேன். புரிந்துகொண்டார்கள், ஆனால் அப்படிச் சொல்வதில்லை என்றார்கள். எது தவறு?

வரிசைதான் தவறு. கான்டனீஸில் கொடுக்கும் பொருள் முதலில் வரும், பெறுபவர் கடைசியில்.

ம்4 கோய்1, பெய்2 பூய்1 ஸொய்2 ஙோ5.

சொல்லுக்குச் சொல் பிரித்தால்: தயவுசெய்து – கொடு – கோப்பை – தண்ணீர் – நான். "நான்" என்று முடிகிறதே என்று திகைக்க வேண்டாம். ஙோ5 என்பதே நான், என்னை, எனக்கு எல்லாம். தமிழில் "எனக்குத் தண்ணி குடு", "தண்ணி குடு எனக்கு" என்று எப்படிப் புரட்டினாலும் -க்கு என்ற உருபு அர்த்தத்தைக் காப்பாற்றிவிடும். கான்டனீஸில் வேற்றுமை உருபே இல்லை. சொல் உட்காரும் இடம்தான் உருபு. பெய்2-க்குப் பின்னால் எது முதலில், எது அடுத்து என்று பார்த்தால்தான் யார் எதைச் செய்தார் என்பது தெரியும். இனி வரும் பதில்களிலும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறோம்.

சீனாவின் பொதுமொழியான மாண்டரினை முதலில் படித்தவர்களுக்கு இந்தத் தவறு இன்னும் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் அங்கே பெறுபவர்தான் முன்னால். நடுவில் ஒரு விலக்கும் உண்டு. பொருளைக் குறிக்கும் தொடர் கொஞ்சம் நீண்டால் ஆளை முன்னால் வைப்பதும் காதில் விழும்: பெய்2 ஙோ5 ஸாம்1 பாக்3 மன்1, எனக்கு 300 டாலர் கொடு. கேட்டால் குழம்ப வேண்டாம். பேசும்போது மட்டும் பொருள், பிறகு ஆள் என்ற வரிசையை விடாதீர்கள்.

தண்ணீர் வந்ததும் நன்றிக்கும் ம்4 கோய்1-தான். பரிசு வாங்கும்போது சொல்லும் தோ1 சே6-யை இங்கே சொன்னால் பொருந்தாது.

கேள்வி: சில வாக்கியங்களில் பெய்2 இரண்டு முறை வருகிறதே, எப்போது?

கொடுக்கும் பொருளைக் குறிக்கும் தொடர் நீண்டால். ஙோ5 பெய்2 சோ2 பூன்2 ஸ்யூ1 க்ஹொய்5, நான் அவருக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன். இதில் பெய்2 ஒன்று போதும். (சோ2 செயல் முடிந்ததைக் காட்டும், நம் "-விட்டேன்" போல. பூன்2 புத்தகத்தை எண்ணும்போது வரும் அளவுச்சொல்.) "விலை அதிகமான இரண்டு புத்தகங்கள்" என்று நீண்டால், ஆளுக்கு முன்னால் இன்னொரு பெய்2 வரும்:

ஙோ5 பெய்2 சோ2 லொங்5 பூன்2 ஹொவ்2 குவய்3 கே3 ஸ்யூ1 பெய்2 க்ஹொய்5.

இரண்டாவது பெய்2 நம்முடைய -க்கு செய்யும் வேலையைச் செய்கிறது. நினைவில் வைக்க ஒரு வழி: எல்லா வாக்கியத்திலும் அது இருக்கிறது, பொருள் ஓரிரு சொல்லாக இருந்தால் உதிர்ந்துவிடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வினை பெய்2 அல்லாத வேறு வினையாக இருந்தால் அது உதிராது. தா2 தீன்6 வா2 பெய்2 ஙோ5, எனக்குப் போன் பண்ணு. இங்கே பெய்2-வை விட்டால் வாக்கியம் நொண்டும். சே3 என்ற வினையிலோ அர்த்தமே இதை நம்பித்தான் இருக்கிறது. தமிழில் இரவல் கொடுப்பது வேறு, இரவல் வாங்குவது வேறு. கான்டனீஸில் இரண்டுக்கும் சே3 ஒன்றேதான்.

ஙோ5 சே3 சோ2 பூன்2 ஸ்யூ1 பெய்2 க்ஹொய்5: அவருக்கு இரவல் கொடுத்தேன்.
ஙோ5 மன்6 க்ஹொய்5 சே3 சோ2 பூன்2 ஸ்யூ1: அவரிடம் இரவல் வாங்கினேன்.

மன்6 என்றால் கேள். "அவரைக் கேட்டு இரவல்" என்று அந்த வாக்கியம் ஓடுகிறது. புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்தில் பெய்2-வும் இரண்டாவதில் மன்6-உம் சொல்கின்றன.

"வாங்கிக் கொடு" என்ற நம் வழக்குக்கும் நேர் இணை உண்டு. க்ஹொய்5 மாய்5 பூன்2 ஸ்யூ1 பெய்2 ஙோ5, அவர் எனக்கு ஒரு புத்தகம் வாங்கித் தருகிறார். இதில் மாய்5 கொஞ்சம் தாழ்ந்து மாய்6 ஆகிவிட்டால் அவர் அந்தப் புத்தகத்தை உங்களுக்கு விற்கிறார்! வாங்குவதும் விற்பதும் தொனியில் மட்டும் வேறுபடும் சொற்கள், இரண்டும் பெய்2-வோடு சேரும். வாக்கியம் எந்தப் பிழையும் காட்டாமல் உங்களிடம் காசு கேட்டுவிடும். மாய்5 முடியும்போது குரல் சற்று மேலே போகிறதா என்று ஒவ்வொரு முறையும் கவனியுங்கள்.

கேள்வி: "என்னிடம் சொல்" என்பதற்கு வா6 ஙோ5 சரியா?

சரியில்லை. வா6-க்குப் பின்னால் நேராக ஆள் வந்தால் அந்த ஆளைக் குறை சொல்வதாகவோ கண்டிப்பதாகவோ பொருள் போகும். க்ஹொய்5 வா6 ஙோ5 என்றால் அவர் என்னைக் கடிந்துகொள்கிறார். தெரிவிப்பதற்கு வா6 பெய்2 ஙோ5 சீ1 என்று சொல்ல வேண்டும்: சொல் – கொடு – நான் – அறி. கடைசியில் உள்ள சீ1 விடுபடக் கூடாது.

"சொல்லிக் கொடு"வை நினைத்துக்கொண்டு கற்பிப்பதற்கும் பெய்2 சேர்க்கிறவர்கள் உண்டு. அது வேண்டாம். காவ்3 (கற்பி) ஆளை நேராக எடுத்துக்கொள்ளும், அதுவும் பாடத்துக்கு முன்னால்: காவ்3 ஙோ5 குவோங்2 துங்1 வா2, எனக்குக் கான்டனீஸ் கற்றுக்கொடு. கேள்வி கேட்கும் மன்6-உம் இதே வகை.

கேள்வி: க்ஹொய்5 பெய்2 யன்4 நாவ்6 என்ற வாக்கியத்தை "அவர் மனிதர்களைக் கொடுத்துத் திட்டினார்" என்று புரிந்துகொண்டேன். உண்மையில் என்ன?

அவர் திட்டு வாங்கினார்.

தமிழில் அடி, திட்டு, குத்து எல்லாவற்றையும் "வாங்குகிறோம்". கான்டனீஸோ அதே இடத்தில் "கொடு" என்கிறது. எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பது போலத் தோன்றும். ஆனால் இடையில் ஒரு படி இருக்கிறது, அது பிடிபட்டால் எல்லாம் ஒழுங்காகும். பெய்2-க்குப் பின்னால் நேராக ஆள் வந்து, ஆளுக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால், முதலில் அது "விடு" ஆகிறது, அனுமதி.

மா4 மா1 ம்4 பெய்2 ஙோ5 ஹொய்3: அம்மா என்னைப் போக விடவில்லை.
பெய்2 ஙோ5 த்ஹய்2 ஹா5: நான் கொஞ்சம் பார்க்கிறேன், காட்டு.

"பிறர் தன்னைத் திட்டும்படி விட்டார்" என்ற இடத்திலிருந்து "பிறரிடம் திட்டு வாங்கினார்" என்ற இடம் எட்டிப்பிடிக்கும் தூரம்தான். ஆகவே ஒரே கட்டுமானம் இரண்டு பொருளையும் சுமக்கிறது. எதை எடுப்பது என்பதை எதிர்மறையில் பார்த்தால் கண்ணாடி போலத் தெரியும்:

க்ஹொய்5 ம்4 பெய்2 யன்4 நாவ்6: தன்னை யாரும் திட்ட அவர் விடமாட்டார்.
க்ஹொய்5 மொவ்5 பெய்2 யன்4 நாவ்6: அவர் திட்டு வாங்கவில்லை.

ம்4 மனசைக் காட்டுகிறது, விடுவதும் விடாததும் ஒருவர் முடிவு. மொவ்5 நடந்ததா இல்லையா என்பதை மட்டும் காட்டுகிறது. சாதாரண வாக்கியத்தில் கடைசி வினையைப் பாருங்கள். திட்டு, அடி, கடி, திருடு போல யாரும் விரும்பாத வினையாக இருந்தால் பாதிப்பு. பார், போ, சாப்பிடு போன்றவையாக இருந்தால் பெரும்பாலும் அனுமதி.

அனுமதி கேட்பதற்கு வினையையே மடக்கிக் கேட்பார்கள்: பெய்2 ம்4 பெய்2 ஙோ5 ஹொய்3 ஆ3? "விடுவியா மாட்டியா" என்ற அமைப்பு, ஆனால் அந்தக் கடுமை இதில் இல்லை. பழக்கமில்லாதவரிடம் இன்னும் பணிவாகக் கேட்க ஹோ2 ம்4 ஹோ2 யீ5 பெய்2 ஙோ5 த்ஹய்2 ஹா5 ஆ3? என்று தொடங்குங்கள். கேள்வி என்பதற்காகத் தமிழில் செய்வதுபோல வாக்கிய முடிவில் குரலை உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் கடைசிச் சொல்லின் தொனி மாறிவிடும், ஹொய்3 ஹொய்2 ஆகிவிடும். கேட்கிற வேலையை ஆ3 பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: யார் செய்தது என்று தெரியாவிட்டால் யன்4-ஐ விட்டுவிடலாமா? மாண்டரினில் விடுகிறார்களே?

விட முடியாது. பெய்2 நாவ்6 என்று சொன்னால் வாக்கியம் நடுவில் அறுந்தது போல இருக்கும். செய்தவர் தெரியாவிட்டாலும் யன்4 (ஆள், யாரோ) அந்த இடத்தை நிரப்பியே ஆக வேண்டும்.

ஙோ5 கோ3 ஙன்4 பாவ்1 பெய்2 யன்4 த்ஹவ்1 சோ2: என் பணப்பையை யாரோ திருடிவிட்டார்கள்.

செய்தது தெரிந்தால் அதன் பெயர். க்ஹொய்5 பெய்2 ச்ஹே1 சோங்6 ச்ஹன்1, அவர்மீது கார் மோதி அடிபட்டது. இதில் ச்ஹன்1 வினையை ஒட்டி வந்து "காயம் பட்டது" என்ற அர்த்தத்தைச் சேர்க்கிறது. ஙோ5 பெய்2 மன்1 ஙாவ்5, என்னைக் கொசு கடித்தது. மேலே 300 டாலர் கேட்ட வாக்கியத்தில் டாலருக்கு வந்த மன்1-உம் இந்தக் கொசுவும் ஒலியில் ஒன்றே. எண்ணுக்குப் பின்னால் வந்தால் காசு என்று தெரிந்துவிடும்.

இதே வேகத்தில் எல்லாச் செயப்பாட்டு வாக்கியத்துக்கும் பெய்2 போடுவதுதான் அடுத்த பள்ளம். "வீடு கட்டப்பட்டுவிட்டது" என்பதை இப்படிச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு எந்தக் கெடுதலும் நடக்கவில்லையே. கான்1 உக்1 ஹெய்2 ஹொவ்2 சோ2 என்பதே இயல்பு. நாம் பேச்சில் "வீடு கட்டியாச்சு" என்பதற்கு அச்சு அசலாக இது பொருந்தும். தமிழில் வாய்க்கு "வாங்கினான்" வந்தால் பெய்2 யன்4, "ஆச்சு" வந்தால் வெறும் வினையும் சோ2-வும். எல்லா இடத்துக்கும் இந்தச் சோதனை பொருந்தாது, தொடக்கத்தில் பெரும்பாலான தவறுகளைத் தடுத்துவிடும்.

கேள்வி: சோ2-வை எங்கே வைப்பது என்று குழப்பமாக இருக்கிறது.

வினையின் முதுகில். தமிழில் "-விட்டேன்" வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால் நமக்குச் சோ2-வையும் கடைசிக்குத் தள்ளத் தோன்றும். நம் வினைமுற்றே கடைசியில் இருப்பதால்தான் விகுதியும் அங்கே போகிறது. கான்டனீஸ் வினை நடுவில் இருக்கிறது, ஆகவே சோ2-வும் நடுவில்: ஙோ5 பெய்2 சோ2 ச்ஹீன்2 லா3, நான் பணம் கட்டிவிட்டேன். ச்ஹீன்2-க்குப் பிறகு சோ2 வைத்தால் தவறு.

செயப்பாட்டில் எந்த வினையின் முதுகில்? நிஜமாக நடந்த செயலின் வினையில். பெய்2 யன்4 த்ஹவ்1 சோ2 என்றுதான் வரும், பெய்2 சோ2 யன்4 த்ஹவ்1 அல்ல. இங்கே பெய்2 வினையாக இல்லை, உருபாகத் தேய்ந்துவிட்டது. அதனால் கால விகுதி அதில் ஒட்டாது.

மறுக்கும்போது சோ2 காணாமல் போகும். ஙோ5 மொவ்5 பெய்2 ச்ஹீன்2 க்ஹொய்5, நான் அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. மொவ்5-உம் சோ2-வும் ஒரே வினையில் சேராது. "இன்னும் கட்டவில்லை, கட்டுவேன்" என்றால் சுங்6 மெய்6 பெய்2. சாப்பிட்ட பில்லுக்கு "கட்டினீர்களா?" என்று கேட்கப்படும்போது மொவ்5 என்று ஆரம்பித்தால் கட்டாமலே போன கதை மாதிரி ஆகிவிடும். மெய்6 என்றால் கட்டப்போகிறீர்கள்.

கேள்வி: ஹாங்காங் செய்தித்தாளில் பெய்2-வைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அங்கே இருக்காது. செய்தித்தாளின் மொழி பொது எழுத்துச் சீனம். அதில் கொடுப்பதற்கு வேறு எழுத்து, கான்டனீஸில் வாசித்தால் க்ஹப்1 என்று ஒலிக்கும். செயப்பாட்டுக்கு இன்னொன்று, பெய்6. பேச்சை அப்படியே எழுதும் குறுஞ்செய்திகளிலும் விளம்பரங்களிலும் பெய்2 உண்டு, ஆனால் ஆளுக்கு ஆள் மூன்று வெவ்வேறு எழுத்துகளில் எழுதுவார்கள். அவற்றில் ஒன்று "ஒப்பிடு" என்ற சொல்லுக்கானது, ஒலி ஒன்று என்பதால் கடன் வாங்கியது. மூன்றையும் அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள்.

அகராதிகளில் பெய்2-க்கு "ஆல், கொண்டு" என்றும் ஒரு பொருள் இருக்கும்: பெய்2 ஃபாய்3 சீ2 ஸிக்6, குச்சிகளால் சாப்பிடு. கேட்டால் புரிந்தால் போதும். நீங்கள் பேச யுங்6 (பயன்படுத்து) பாதுகாப்பானது.

கேள்வி: நான் பெய்2 என்று சொன்னால் எதிரில் உள்ளவர் மூக்கைத் தொட்டுக் காட்டுகிறார். எப்படிப் பயிற்சி செய்வது?

உங்கள் வாயிலிருந்து பெய்6 வந்திருக்கிறது, அது மூக்கு. தமிழர்களுக்கு இந்தச் சொல்லின் மெய்யும் உயிரும் சுலபம். "மழை பெய்" என்பதில் உள்ள அதே பெய்தான். அந்தச் சுலபமே கெடுக்கிறது, ஏனென்றால் தமிழ்ச் சொல்லைச் சொல்வதுபோலத் தட்டையாகச் சொல்லிவிடுகிறோம். ரோமன் எழுத்துப் பாடநூலில் படித்தவர்களுக்கு வேறு தொல்லை. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு "பஸ்" என்று சொல்லும்போது வரும் அதிரும் ஒலியைப் போடுகிறார்கள். "பாட்டு" என்பதில் வரும் அதிராத ப-தான் வேண்டும். மூச்சு கூடிவிட்டாலோ ப்ஹெய்4 பக்கம் போய், தோல் ஆகிவிடும்.

மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன் நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். பெய்2 சொல்லும்போது காகிதம் அசையக் கூடாது, ப்ஹெய்4 சொல்லும்போது துள்ள வேண்டும். அது சரியாகும்வரை தொனிக்குப் போகாதீர்கள். பிறகு பெய்6, பெய்2 என்று மாற்றி மாற்றிப் பத்து முறை சொல்லிப் போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். சொன்ன உடனே கேட்டால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். பெய்2 கீழே தொடங்குகிறதா என்பதே முக்கியம். பலர் நடுவிலேயே தொடங்கிவிடுவதால் ஏறுவதற்கு இடமே இருக்காது.

ஙோ5-க்கும் இரண்டு நிமிடம் கொடுங்கள். தமிழில் ங ஒலி க-வுக்கு முன்னால் மட்டும் பழகியிருப்பதால் "ங்கோ" என்று க ஒட்டிக்கொள்ளும். "மாங்காய்" என்று தொடங்கி, க-வுக்கு முன்னால் நிறுத்தி, அங்கிருந்து ஓ-வுக்குப் போனால் வந்துவிடும். ஹாங்காங்கில் பலரும் ஙகரத்தையே விட்டு ஓ5 என்கிறார்கள், நெய்5-ஐ (நீ) லெய்5 என்கிறார்கள். அப்படிக் கேட்டாலும் அதே சொற்கள்தான். ஸிக்6 போன்ற சொற்களில் கடைசி க் வாய்க்குள்ளேயே அடைபட வேண்டும். உகரம் சேர்த்து "ஸிக்கு" ஆக்கிவிடாதீர்கள்.

அதன் பிறகு வாக்கியம். ஒரே பொருள், ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டு, புத்தகத்தையும் க்ஹொய்5-ஐயும் விடாமல், நாளுக்கு ஒரு கட்டுமானம்: முதல் நாள் கொடுத்தேன், இரண்டாம் நாள் கொடுக்கவில்லை, மூன்றாம் நாள் இரவல் கொடுத்தேன், நான்காம் நாள் வாங்கிக் கொடுத்தேன், ஐந்தாம் நாள் பார்க்க விட்டேன், ஆறாம் நாள் யாரோ திருடிவிட்டார்கள். ஒவ்வொன்றையும் எட்டு முறை, வாய்விட்டு. ஏழாம் நாள் ஆறையும் சீட்டெழுதிக் குலுக்கி எடுத்துச் சொல்லுங்கள். சீட்டில் தமிழ் மட்டும் இருக்கட்டும். கான்டனீஸை எழுதி வைத்தால் கண்தான் படிக்கும், வாய் பழகாது. எந்தச் சீட்டில் நாக்கு நிற்கிறதோ அந்தக் கட்டுமானத்திலிருந்து அடுத்த வாரத்தைத் தொடங்குங்கள்.